உண்மையைச் சொன்னால் வேலை கிடைக்குமா?



1994-ல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவன் இப்போது அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் இருக்கிறான். அவன் மகன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன், அரசு வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறான். தேர்வெல்லாம் முடிந்து, கடைசியில் பாலிகிராஃப் சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். "சார், பையன் தப்பு ஒன்றும் பண்ணினவன் இல்லை. ஆனால் கல்லூரியில் சின்னச் சின்ன விஷயம் ஏதாவது இருக்கும். கேட்டால் சொல்லலாமா, கூடாதா?" என்று கேட்டான். அவனுக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டேன். ஒரு வக்கீலைப் பார்க்கச் சொன்னேன், அவ்வளவுதான். ஆனால் கேள்வி மனதில் நின்றுவிட்டது. இந்த நாற்காலியில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னவர்களுக்கு இதுவரை என்ன நடந்திருக்கிறது? நமக்குத் தெரிந்த தொழில் வரலாறு சொல்வதுதானே, அதனால் இந்த நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

முதலில் பெயர். நம் பத்திரிகைகள் இதை 'உண்மை கண்டறியும் சோதனை' என்று எழுதுகின்றன. அமெரிக்கர்கள் 'பொய் கண்டுபிடிக்கும் கருவி' என்கிறார்கள். அது இரண்டையும் செய்வதில்லை. மார்பைச் சுற்றியும் வயிற்றைச் சுற்றியும் ஒவ்வொரு குழாய், கையில் டாக்டர் கட்டுவது போன்ற ரத்த அழுத்தப் பட்டை, விரல் நுனியில் இரண்டு தகடுகள். மூச்சு, ரத்த அழுத்தம், நாடி, விரலில் வியர்வை, இவற்றைத்தான் அது எழுதிக் காட்டும். இவையெல்லாம் பயத்தில் மாறும், கோபத்தில் மாறும், வெட்கத்தில் மாறும். பொய் சொல்லும்போது மட்டும் வருகிற ஒரு துடிப்பு மனித உடம்பில் இல்லை. செய்யாத தப்புக்கு என் மேசை முன்னால் வந்து நின்று வேர்த்துப்போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கே தெரியும்.

1921-ல் கலிஃபோர்னியாவில் பெர்க்லி நகரக் காவல்துறையில் ஜான் லார்சன் என்பவர் இந்தக் கருவியை உருவாக்கினார். உடலியலில் முனைவர் பட்டம் வாங்கிய போலீஸ்காரர். அடி உதை இல்லாமல் விசாரணை நடக்கவேண்டும் என்பது அவருடைய மேலதிகாரி ஆகஸ்ட் வால்மரின் ஆசை, அது நல்ல ஆசைதான். அதே காலத்தில் வில்லியம் மார்ஸ்டன் என்ற உளவியலாளர் ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைப் பிடிக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1923-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபிரை என்பவரின் வழக்கில் அவருடைய சோதனையைச் சாட்சியமாக ஏற்க மறுத்துவிட்டது. (இந்த மார்ஸ்டன்தான் பின்னாளில் 'வொண்டர் உமன்' என்ற படக்கதை நாயகியை உருவாக்கியவர். அவள் கயிற்றால் கட்டினால் யாரும் உண்மையைச் சொல்லியே தீரவேண்டும். நீதிமன்றத்தில் நடக்காததைப் படக்கதையில் நடத்திக்கொண்டார் மனிதர்!)

நீதிமன்றம் கதவை மூடியதும் கருவி வேறு வாசலைத் தேடியது. அந்த வாசலைத் திறந்தவர் லியனார்ட் கீலர். லார்சனோடு பெர்க்லியில் இருந்த இளைஞர், பிறகு சிகாகோ போய்த் தொழிலாகவே தொடங்கிவிட்டார். 1930-களில் அவருடைய முக்கிய வாடிக்கையாளர்கள் வங்கிகள். யாரோ ஒருவர் பணத்தை எடுத்துவிட்டால் ஒருவரை மட்டும் சோதிக்காமல் கிளை முழுவதையும் வரிசையாக உட்காரவைத்தார். அங்கேதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. தேடிய திருடன் கிடைத்தானோ இல்லையோ, தேடாத பலர் தாங்களாகவே ஒப்புக்கொண்டார்கள். எப்போதோ கல்லாவிலிருந்து எடுத்த பத்து டாலர், திருப்பி வைக்க நினைத்து வைக்காமல் போனது, இப்படி. பேனா முள் அசைவதற்கு முன்பே, குழாயைக் கட்டும்போதே சொன்னவர்களும் உண்டு. ஒப்புக்கொண்டவர்களை வேலையிலிருந்து தூக்கவேண்டாம், அவர்கள் இனி பயந்து நேர்மையாக இருப்பார்கள் என்று கீலர் வங்கிகளுக்கு ஆலோசனையும் சொன்னார். லார்சனுக்கு இந்த வியாபாரம் பிடிக்கவில்லை. கடைசிக் காலத்தில் தான் உருவாக்கிய கருவியையே அவர் வெறுத்தார்.

ஆக, கருவியின் பலம் என்ன என்பது 1930-களிலேயே தெரிந்துவிட்டது. அது பொய்யைப் பிடிப்பதில்லை, ஆளைப் பேசவைக்கிறது. 1971-ல் அதிபர் நிக்சன் தன் அறையில் பேசியது ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. இந்தக் கருவி எவ்வளவு சரியானது என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஆட்களை நன்றாக மிரட்டும் என்ற பொருளில் பேசினார். பல நிபுணர்கள் நூறு பக்கத்தில் சொல்லாததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

சோதனை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். கருவியை மாட்டுவதற்கு முன்னால் நீண்ட உரையாடல் உண்டு. கேட்கப்போகிற கேள்விகளையெல்லாம் சோதனையாளர் முன்கூட்டியே படித்துக் காட்டுவார். "இதில் ஏதாவது உறுத்தல் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கருவி காட்டிக்கொடுத்துவிடும்" என்பார். விண்ணப்பதாரர் சொல்வார். "அவ்வளவுதானா?" என்பார். இன்னும் கொஞ்சம் சொல்வார். பிறகு கருவி ஓடும். முடிந்ததும், "இந்தக் கேள்வியில் ஏதோ தடுமாற்றம் தெரிகிறதே, மனதில் என்ன ஓடியது?" என்று மறுபடி ஆரம்பம். பாவமன்னிப்புக் கூண்டில் சொன்னதைப் பாதிரியார் வெளியே சொல்லக்கூடாது. இங்கே சொன்னது முழுவதும் எழுதப்பட்டுக் கோப்பில் ஏறும்.

இன்னொரு வேடிக்கை. பல சோதனைகளில் ஒப்பீட்டுக்காக ஒரு கேள்வி வைக்கிறார்கள். "உங்களை நம்பிய ஒருவரிடம் எப்போதாவது பொய் சொன்னதுண்டா?" என்கிற மாதிரி. யாராக இருந்தாலும் மனசாட்சிப்படி "ஆமாம்" என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் நீங்கள் "இல்லை" என்று சொல்வீர்கள், சொல்லும்போது கொஞ்சம் பதறுவீர்கள் என்பதே அந்தக் கேள்வியின் கணக்கு. அந்தப் பதற்றத்தோடுதான் முக்கியக் கேள்வியில் வரும் பதற்றத்தை ஒப்பிடுவார்கள். எல்லாவற்றையும் வெள்ளந்தியாக ஒப்புக்கொள்கிறவனுக்கு இந்தக் கேள்வி பதறாது, ஒப்பீடே கெட்டுப்போகும். நேர்மையானவன் ஒரு சின்னப் பொய் சொன்னால்தான் நேர்மையானவன் என்று தெரியும்படி அமைத்த சோதனை!

போருக்குப் பிறகு அரசு இந்தக் கருவியைப் பிடித்துக்கொண்டது. அணுகுண்டுக்கு யுரேனியம் செறிவூட்டிய ஓக் ரிட்ஜ் நகரில் 1946-ல் கீலரே போய் நூற்றுக்கணக்கான ஊழியர்களைச் சோதித்தார். அங்கே சோதனை 1953-ல் நிறுத்தப்பட்டது. சி.ஐ.ஏ. 1948 முதல் பயன்படுத்துகிறது. மற்ற நாடுகளின் தகவல் தொடர்புகளை ஒட்டுக்கேட்டுச் சங்கேதங்களை உடைக்கும் என்.எஸ்.ஏ. என்ற அமைப்பு சிவிலியனாக வேலைக்கு வருகிற எல்லோரையும் கருவியில் உட்காரவைத்தது. ராணுவத்திலிருந்து அனுப்பப்படும் சிப்பாய்களுக்கு மட்டும் விலக்கு. இந்த விலக்கை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

1957-ல் பெர்னன் மிட்செல் என்ற கணித இளைஞன் என்.எஸ்.ஏ.வுக்கு விண்ணப்பித்தான். கடற்படையில் ஜப்பானில் ஒட்டுக்கேட்கும் பணியில் இருந்தவன். அங்கே நண்பனான வில்லியம் மார்ட்டினும் கூடவே விண்ணப்பித்தான். முதல் சோதனையில் பாலியல் சம்பந்தமான கேள்விகளுக்கு மிட்செல் பதில் சொல்ல மறுத்தான். சில வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டபோது சொன்னான். பதின்மூன்று வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை நடந்த, இங்கே எழுதத் தேவையில்லாத, வெட்கப்படும்படியான சில விஷயங்கள். அதிகாரிகள் கூடிப் பார்த்தார்கள். சின்ன வயதில் நடந்தது, முடிந்துபோனது என்று தீர்மானித்து வேலை கொடுத்தார்கள்.

என் கணிப்பில் அது நியாயமான முடிவு. மனிதனை மனிதனாகப் பார்த்த முடிவு. ஆனால் 1960 ஜூன் மாதம் மிட்செலும் மார்ட்டினும் விடுமுறை என்று சொல்லிவிட்டு மெக்சிகோ போய், அங்கிருந்து கியூபா வழியாக மாஸ்கோ போய்ச் சேர்ந்தார்கள். செப்டம்பர் 6 அன்று உலகப் பத்திரிகையாளர்களைக் கூட்டி, அமெரிக்கா தன் நட்பு நாடுகளின் செய்திகளையே ஒட்டுக்கேட்கிறது என்று அறிவித்தார்கள். வாஷிங்டன் ஆடிப்போனது.

இப்போது பாருங்கள், பழைய கோப்பு தூசி தட்டப்படுகிறது. அவர்கள் ஏன் போனார்கள் என்று அவர்களே மேடையில் உட்கார்ந்து சொன்னார்கள். வேவு விமானங்களை அடுத்த நாட்டு வானத்தில் பறக்கவிடுவது பிடிக்கவில்லை, அரசு பொய் சொல்வது பிடிக்கவில்லை என்றார்கள். அந்தக் காரணம் யாருக்கும் சுவைக்கவில்லை. மிட்செல் மூன்று வருடம் முன்பு நாற்காலியில் சொன்னது சுவைத்தது. இரண்டு பேரும் ஓரினச் சேர்க்கையாளர்கள், அதனால்தான் துரோகிகள் ஆனார்கள் என்று அரசியல்வாதிகளும் பத்திரிகைகளும் எழுதித் தீர்த்தார்கள். நாடாளுமன்றத்தின் அமெரிக்க விரோதச் செயல்கள் குழு விசாரணை நடத்தி 1962-ல் அறிக்கை வெளியிட்டது. அதற்குள் என்.எஸ்.ஏ.யில் 'பாலியல் பிறழ்வு' அறிகுறி இருப்பதாகச் சொல்லி 26 பேர் வேலையிழந்திருந்தார்கள்.

இந்த 26 பேர்தான் என்னை உறுத்துகிறவர்கள். அவர்கள் யாருக்கும் ரகசியம் விற்றதாகக் குற்றச்சாட்டே இல்லை. அவர்களில் எத்தனை பேரைப் பற்றிய விவரம் சோதனை அறையில் அவர்களே வாய்திறந்து சொன்னதிலிருந்து வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சொன்னபோது அது வேலைக்குத் தடையில்லை என்று வைத்துக்கொண்ட அலுவலகம், வேறு ஒருவன் ஓடிப்போனதும் அதே காகிதத்தை எடுத்து வாசலைக் காட்டியது. காகிதத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை, படிக்கிற கண்தான் மாறியது.

அடுத்தவர் கதை நேரெதிர். ஜாக் டன்லப், ராணுவ சார்ஜண்ட். 1958-ல் என்.எஸ்.ஏ. தலைமையகத்தில் ஒரு ஜெனரலுக்கு டிரைவராக அனுப்பப்பட்டார். சிப்பாய் என்பதால் பாலிகிராஃப் கிடையாது. ஜெனரலின் கார் என்பதால் வாசலில் சோதனையும் அதிகம் கிடையாது. மற்றவர்களுக்காகச் சின்னச் சின்னப் பொருள்களை வெளியே கடத்திக் கொடுத்துப் பழகிய மனிதர், 1960-ல் ஒருநாள் வாஷிங்டனில் சோவியத் தூதரகத்துக்குள் போய்க் காகிதங்கள் வேண்டுமா என்று கேட்டுவிட்டார். வாரம் ஏறக்குறைய நூறு டாலர் சம்பளம், ஐந்து குழந்தைகள். ஆனால் மோட்டார் படகு வாங்கினார், ஜாகுவார் கார் வாங்கினார், காடிலாக் வாங்கினார். கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு கதை சொன்னார். பரம்பரைத் தோட்டம் வந்தது என்று ஒருவரிடம், வேறொன்று இன்னொருவரிடம். படகுப் போட்டியில் முதுகைப் பிடித்துக்கொண்டபோது அவரை அழைத்துவர என்.எஸ்.ஏ.யே ஆம்புலன்ஸ் அனுப்பியதாம். நம் ஊரில் ஒரு டிரைவர் இப்படிக் கார் வாங்கியிருந்தால் டீக்கடையிலேயே வழக்கு முடிந்திருக்கும்.

டன்லப்புக்கு வந்த கஷ்டம் என்ன? ராணுவம் அவரை வேறு ஊருக்கு மாற்றுமோ என்ற பயம். 1963-ல் ராணுவத்தை விட்டுவிட்டு அதே இடத்தில் சிவிலியனாகவே வேலை கேட்டு விண்ணப்பித்தார். சிவிலியன் என்றால் பாலிகிராஃப். மூன்று வருடம் எதிரிக்கு வேலை பார்த்தவர், வேலைக்குச் சேரும் சோதனையில் உட்கார்ந்தார்.

அங்கே அவர் ஒப்புக்கொண்டது என்ன தெரியுமா? சில்லறைத் திருட்டும் ஒழுக்கக்கேடும். அதற்கு மேல் வரவில்லை. கருவி உளவாளியைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் இந்தச் சின்ன ஒப்புதல்களே சந்தேகத்துக்குப் போதுமாக இருந்தன. ரகசியங்கள் புழங்கும் இடத்திலிருந்து அவரை மாற்றினார்கள், விசாரணை மெதுவாகத் தொடங்கியது. அவர் தாங்கவில்லை. ஜூலை மாதம் உயிரை மாய்த்துக்கொண்டார். ராணுவ மரியாதைக்குரிய ஆர்லிங்டன் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். அவர் யார் என்று அப்போதும் யாருக்கும் தெரியாது. ஒரு மாதம் கழித்து அவர் மனைவி வீட்டில் ஒளித்துவைத்திருந்த ரகசியக் காகிதங்களைக் கண்டெடுத்து ஒப்படைத்த பிறகே விஷயம் வெளியே வந்தது. டன்லப்பைக் கண்டுபிடித்தவர் அந்த அம்மாள்தான்.

பாலிகிராஃபுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் டன்லப்பைச் சுட்டிக்காட்டுவார்கள். அதில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. முதல் நாளே அவரைச் சோதித்திருந்தால் உள்ளே வந்திருக்கமாட்டார் என்பார்கள். இருக்கலாம். ஆனால் 1958-ல் அவர் உளவாளி இல்லையே!

மூன்றாவது கதைதான் பெரியது. எட்வர்ட் லீ ஹோவர்ட், நியூ மெக்சிகோ மாநிலத்துக்காரர், 1951-ல் பிறந்தவர். அமெரிக்க அமைதிப் படை சார்பில் கொலம்பியாவில் தொண்டு செய்தவர், பெரு நாட்டில் உதவித் திட்டப் பணியில் இருந்தவர், படித்தவர், ஸ்பானிஷ் தெரிந்தவர். 1980-ல் சி.ஐ.ஏ.வுக்கு விண்ணப்பித்தார். நுழைவுச் சோதனையில், கொக்கெய்ன் உட்பட போதைப்பொருள் பயன்படுத்தியதையும் குடிப்பழக்கத்தையும் சொல்லிவிட்டார். நாற்காலியின் தத்துவம் பலித்தது, ஆள் உண்மையைச் சொன்னார். சி.ஐ.ஏ.யும் பெருந்தன்மையாக, இனி தொடக்கூடாது என்று எச்சரித்துச் சேர்த்துக்கொண்டது. 1981 ஜனவரியில் பணியில் சேர்ந்தார். அவர் மனைவியும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார்.

ஹோவர்டை மாஸ்கோவுக்கு அனுப்ப முடிவானது. சி.ஐ.ஏ.யில் அதைவிடக் கடினமான பணியிடம் கிடையாது. அங்கே தங்களுக்கு வேலை செய்யும் ரஷ்யர்களைப் பற்றிய விவரங்களெல்லாம் அவருக்குப் பயிற்சியாகவே கொடுக்கப்பட்டன. அவர்களில் முக்கியமானவர் அடால்ஃப் டோல்கச்சேவ். போர்விமானங்களின் ரேடாரை வடிவமைக்கும் நிறுவனத்தில் பொறியாளர். 1979 முதல் வரைபடங்களைப் படமெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அமெரிக்க விமானப்படைக்கு ஆராய்ச்சிச் செலவில் மட்டும் கோடிக்கணக்கான டாலர் மிச்சம்.

எல்லாம் சொல்லிக்கொடுத்த பிறகு, 1983 ஏப்ரலில், கிளம்புவதற்கு முன்னால் ஹோவர்டை மறுபடியும் பாலிகிராஃபில் உட்காரவைத்தார்கள். இந்தத் தடவை தடுமாறினார். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். குடி, போதை, விமானத்தில் ஒரு பெண்ணின் கைப்பையிலிருந்து பணம் எடுத்தது என்று ஒவ்வொன்றாக வந்தது. மே மாதம் கூப்பிட்டு ராஜினாமா செய்யச் சொன்னார்கள். அன்றே வெளியே.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அமெரிக்காவின் மிகப் பெரிய ரகசியங்களை மண்டைக்குள் ஏற்றிய 31 வயது மனிதரை, வேலை இல்லாமல், குடிப்பழக்கத்தோடு, அவமானத்தோடு தெருவில் விட்டுவிட்டார்கள். முதலில் சொல்லிக்கொடுப்பது, அப்புறம் சோதிப்பது! விதையை முளைக்கவைத்துவிட்டு விதை நல்லதா என்று பார்ப்பது போல.

ஹோவர்ட் சொந்த மாநிலத்துக்குத் திரும்பி, சட்டமன்ற நிதிக்குழுவில் வேலைக்குச் சேர்ந்தார். குடித்துவிட்டு மாஸ்கோ தூதரகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். 1984 பிப்ரவரியில் சாண்டா ஃபே நகரில் ஒரு தகராறில் துப்பாக்கியால் சுட்டு, நன்னடத்தைக் கண்காணிப்பில் தப்பினார். அதே ஆண்டில் தன்னைப் பார்க்க வந்த சி.ஐ.ஏ. ஆட்களிடமே, வாஷிங்டனில் சோவியத் அலுவலகத்துக்கு வெளியே நின்று உள்ளே போகலாமா என்று யோசித்தேன் என்று சொன்னார். மறுபடியும் ஒரு ஒப்புதல், இந்தத் தடவை கருவியே இல்லாமல். சி.ஐ.ஏ. அதை எஃப்.பி.ஐ.க்குச் சொல்லவில்லை. வேலை கேட்டபோது சொன்ன சின்ன விஷயங்களையெல்லாம் பத்திரமாக எழுதிவைத்த அமைப்பு, இதை மட்டும் தன்னோடு வைத்துக்கொண்டது. எனக்குப் புரியாத இடம் இது.

1985 ஜூனில் டோல்கச்சேவ் மாஸ்கோவில் பிடிபட்டார். ஆகஸ்டில் விட்டலி யுர்செங்கோ என்ற கே.ஜி.பி. அதிகாரி ரோமில் அமெரிக்கர்களிடம் சரணடைந்து, 'ராபர்ட்' என்ற பெயரில் பழைய சி.ஐ.ஏ. ஆள் ஒருவர் தகவல் கொடுத்தார், அவரை மாஸ்கோ போகவிடாமல் கடைசி நேரத்தில் நீக்கிவிட்டார்கள் என்று சொன்னார். யார் என்று சி.ஐ.ஏ.வுக்கு உடனே தெரிந்துவிட்டது. எஃப்.பி.ஐ. வீட்டைக் கண்காணித்தது. செப்டம்பர் 21 இரவு ஹோவர்ட் மனைவியோடு காரில் கிளம்பினார். ஒரு திருப்பத்தில் காரிலிருந்து உருண்டு இறங்கினார். அவர் இருக்கையில் தொப்பியும் விக்கும் வைத்த பொம்மையை மனைவி நிமிர்த்தினார். வீட்டுக்குத் திரும்பியதும் ஹோவர்டின் குரலில் பதிவுசெய்த நாடாவைத் தொலைபேசியில் ஓடவிட்டார். இவ்வளவு பாடும் வீண். கண்காணிப்பில் இருந்தவர் அவர்கள் கார் கிளம்பியதையே கவனிக்கவில்லை! ஹோவர்ட் ஹெல்சிங்கி வழியாக மாஸ்கோ சேர்ந்தார். அனுப்பமாட்டோம் என்று தடுத்த ஊருக்கே போய்விட்டார்.

டோல்கச்சேவ் 1986-ல் கொல்லப்பட்டார். அவரைக் காட்டிக்கொடுத்தது ஹோவர்ட் என்பதே பெரும்பாலோர் கருத்து. ஹோவர்ட் சாகும்வரை மறுத்தார். ஆல்ட்ரிச் ஏம்ஸ் என்ற இன்னொரு சி.ஐ.ஏ. அதிகாரியும் அதே 1985-ல் விலைபோனவர். அவர் 1986-லும் 1991-லும் பாலிகிராஃபில் உட்கார்ந்து, இரண்டு தடவையும் தேறினார். கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு பத்துப் பேரைச் சாகடித்தவர் தேறினார், கைப்பையில் கைவிட்டதைச் சொன்னவர் தோற்றார். 1994-ல் ஏம்ஸ் கைதானதும் எஃப்.பி.ஐ. என்ன செய்தது? புதிதாக வேலைக்கு வரும் எல்லோருக்கும் பாலிகிராஃப் கட்டாயமாக்கியது. சிரிப்பதா என்று தெரியவில்லை.

உளவாளிகளை விட்டுவிட்டுச் சாதாரண மக்களுக்கு வருவோம். 1980-களில் அமெரிக்காவில் ஆண்டுக்கு 20 லட்சம் சோதனைகள் நடப்பதாக நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. அவற்றில் பெரும்பகுதி தனியார் வேலைகளுக்கு. மளிகைக் கடைக் காசாளர், மருந்துக் கடைச் சிப்பந்தி, கிடங்குக் காவலாளி. கொலராடோ மாநிலத்தில் கூர்ஸ் பீர் ஆலைத் தொழிலாளர்கள் 1977-ல் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் எழுப்பிய புகார்களில் முக்கியமான ஒன்று இந்தச் சோதனை, அதில் கேட்கப்படும் அந்தரங்கக் கேள்விகள். பள்ளிப் பருவத்தில் கடையில் மிட்டாய் எடுத்ததைச் சொன்னால் கல்லாவில் உட்கார முடியாது. சொல்லவில்லை என்றால் கருவி காட்டியது என்பார்கள். ஏன் நிராகரித்தோம் என்று யாரும் எழுதிக் கொடுக்கமாட்டார்கள்.

மாசசூசெட்ஸ் மாநிலம் 1959-லேயே இதற்குச் சட்டத் தடை போட்டது. நாடு முழுவதற்கும் சட்டம் வர 1988 ஆனது. அந்த ஜூன் மாதம் அதிபர் ரீகன் கையெழுத்திட்டார். தனியார் முதலாளிகள் வேலைக்கு எடுக்கும்போது பாலிகிராஃப் கேட்கக்கூடாது, பாதுகாப்பு நிறுவனம், மருந்து உற்பத்தி என்று சில விலக்குகள். அரசாங்கம் தனக்கு மட்டும் முழு விலக்கு வைத்துக்கொண்டது. ஊருக்குத்தான் உபதேசம்.

2003-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்வுக்குழு ஒரு கணக்குப் போட்டது. கரும்பலகை இருந்தால் எழுதிக் காட்டியிருப்பேன். 10,000 ஊழியர்கள், அவர்களுக்குள் 10 உளவாளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்தில் எட்டுப் பேரையாவது பிடிக்கும்படி சோதனையைக் கடுமையாக வைத்தால், கூடவே சுமார் 1,600 நிரபராதிகள் தோற்பார்கள். அது பாவம் என்று தளர்த்தி, நிரபராதிகள் 40 பேர் மட்டும் மாட்டும்படி வைத்தால், பத்து உளவாளிகளில் எட்டுப் பேர் தப்பிவிடுவார்கள். இதை எந்தப் பக்கம் திருப்பினாலும் விடை இனிக்காது.

ஆனாலும் நிற்கவில்லை. எல்லைக் காவலில் ஊழல் என்று சொல்லி 2010-ல் நிறைவேறிய சட்டம், எல்லைக் காவல் பணிக்கு விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் பாலிகிராஃபைக் கட்டாயமாக்கியது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் தோற்றார்கள். அவர்களில் பயங்கரமான குற்றங்களைத் தாங்களே ஒப்புக்கொண்டவர்களும் உண்டு. அந்த ஒப்புதல்கள் உண்மையிலேயே பயன்பட்டன, ஒத்துக்கொள்ளவேண்டும். ஆனால் அதே வரிசையில் ராணுவத்திலும் போலீசிலும் வருடக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களும் எதையும் ஒப்புக்கொள்ளாமலே தோற்றார்கள்.

நம் நாட்டுக்கு ஒரு வரி. 2010 மே 5 அன்று, செல்வி என்பவர் கர்நாடக அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், சம்மதமில்லாமல் யாருக்கும் இந்தச் சோதனை செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் அமர்வு. ஆனால் அது குற்ற விசாரணை பற்றியது. வேலை வேண்டும் என்று வாசலில் நிற்பவன் கொடுக்கிற சம்மதத்தை என்னவென்று சொல்வது என்பது வேறு கேள்வி.

கடைசியாக ஒன்று, இதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்களை நடத்தும் என்.ஆர்.ஓ. என்ற அமைப்பின் பாலிகிராஃப் அறைகளைப் பற்றி 2012-ல் மெக்ளாச்சி பத்திரிகைக் குழுமம் விசாரித்து எழுதியது. அங்கே விண்ணப்பதாரர்களிடமும் ஊழியர்களிடமும் தேவைக்கு மேல் அந்தரங்கம் தோண்டப்படுகிறது என்று சோதனையாளர்களே புகார் சொன்னார்கள். அதோடு, குழந்தைகளிடம் தவறாக நடந்ததாக அந்த நாற்காலியில் ஒப்புக்கொண்ட சிலரைப் பற்றிய தகவல் போலீசுக்கு அனுப்பப்படவே இல்லை என்பதும் தெரிந்தது. அனுமதியை மறுத்தார்கள், கோப்பை மூடினார்கள். சிலர் மிட்டாய் எடுத்ததைச் சொல்லி வாழ்க்கையை இழந்த அதே அறை. இங்கே ஒரு குழந்தை எங்கோ இருக்கிறது, அதைப் பற்றிச் சொன்னவனும் இருக்கிறான், எழுதிவைத்தவரும் இருக்கிறார்.

மிட்செல் என்ன ஆனார் என்று யாராவது கேட்பீர்கள். ரஷ்யா அவருக்கும் மார்ட்டினுக்கும் பிடிக்கவில்லை. இருவரும் பிறகு ஊருக்குத் திரும்ப முயன்றார்கள், அமெரிக்கா சேர்க்கவில்லை. மார்ட்டின் 1987-ல் மெக்சிகோவின் டிஹுவானா நகரில், அமெரிக்க எல்லைக்குப் பக்கத்திலேயே இறந்தார். மிட்செல் 2001-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். ஹோவர்ட் 2002-ல் மாஸ்கோவில் தன் வீட்டில் விழுந்து கழுத்து முறிந்து.

மேரிலாந்துப் பையனுக்குச் சோதனை அடுத்த மாதம். சந்தேகம் உள்ளவர்கள் கேளுங்கள், பேத்தி தூங்கிய பிறகு உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.